ஐ-ஜெல்லா, புரோசீலா, பழைய கிளாசிக்கா: எந்த எல்எம்ஏ எந்த கேஸுக்கு?

அனஸ்தீசியா டெக்னாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் எல்எம்ஏ பத்திக் கேட்டிருக்கார், அதாவது மயக்கத்துல இருக்கிறவங்க தொண்டைக்குள்ள, குரல்வளை வாசல்ல வச்சு காத்து அனுப்பற மாஸ்க்; ஐ-ஜெல், புரோசீல், கிளாசிக் எல்லாம் அதோட வகைகள். போஸ்டிங் போற தியேட்டர்ல ஒரு சார் எந்த கேஸா இருந்தாலும் ஐ-ஜெல் தான் கேக்கறாராம், இன்னொரு மேடம் புரோசீல் இல்லாம லேப்ராஸ்கோப்பி கேஸ் ஆரம்பிக்கவே மாட்டாங்களாம், டிரேல பழைய கிளாசிக் எல்எம்ஏவும் ரெண்டு மூணு கிடக்குதாம். எல்லாம் ஒரே வேலை தானே செய்யுது, இதுல எது பெஸ்ட், கிளாசிக்கை ஏன் இன்னும் வச்சிருக்காங்க, ஐ-ஜெல்லை கழுவி மறுபடி போடலாமா, இதான் கேள்வி.

ஒரே வேலை இல்ல தம்பி. காத்தை நுரையீரலுக்கு அனுப்பறதை மட்டும் பாத்தா எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியும், ஒல்லியான ஆளு, வெறும் வயிறு, அரை மணி நேர ஹெர்னியா கேஸ்னா எதைப் போட்டாலும் மானிட்டர்ல அழகா கேப்னோ அலை (வெளிய விடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடைக் காட்டற கோடு) வரும். வித்தியாசம் தெரியறது வயித்துல. மயக்கத்துல இருக்கிற ஆளுக்கு இருமலும் வராது, எதுக்களிச்சு வர்றதை விழுங்கவும் தெரியாது, வயித்துல இருக்கிற அமிலம் மேல வந்தா அது போறதுக்கு ஒரு வழி இருக்கா இல்லையா, இதை வச்சுதான் நான் இந்த சாமான் எல்லாத்தையும் தரம் பிரிப்பேன். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

கொஞ்சம் பின்னாடி போகணும். ஆர்ச்சி பிரெய்ன்னு ஒரு பிரிட்டிஷ் அனஸ்தெடிஸ்ட், 1981ல பல் ஆஸ்பத்திரிகள்ல மூக்குக்கு மேல வைக்கிற கோல்ட்மன் மாஸ்க்கோட ரப்பர் கஃப்பை (ஓரத்துல காத்து ஊதற வளையம்) எடுத்து ஒரு டியூபோட ஒட்டி, மாஸ்க்கை முகத்துக்கு வெளிய வச்சு அழுத்தறதுக்கு பதிலா குரல்வளை வாசலுக்கே கொண்டு போய் வச்சா என்னன்னு யோசிச்சார். 1983ல கட்டுரை வந்துச்சு, 1988ல இங்கிலாந்துல கிளாசிக் எல்எம்ஏ விற்பனைக்கு வந்துச்சு, 1991ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அதுக்கு முன்னாடி ரெண்டே வழிதான், ஒண்ணு கேஸ் முடியற வரைக்கும் கை வலிக்க மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், இல்ல லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பாக்கற விளக்கு வச்ச கருவி) போட்டு மூச்சுக்குழாய்க்குள்ளயே டியூப் இறக்கணும். நடுவுல ஒரு வழி இருக்குன்னு காட்டினது அந்த மனுஷன் தான், அனஸ்தீசியா வேலையையே மாத்தின ஆளு.

ஆனா கிளாசிக்ல ரெண்டு குறை. சீல், அதாவது காத்து ஓரமா கசியாம பிடிக்கிற பலம், சுமாரா 18, 20 சென்டிமீட்டர் வாட்டர் (காத்தோட அழுத்தத்தை அளக்கிற கணக்கு) வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல மூச்சு கொடுக்கிற பேக்கை அழுத்தினா காத்து வாய் வழியா லீக் ஆகும், கொஞ்சம் உணவுக்குழாய்க்குள்ளயும் போகும். போன காத்து வயித்தை ஊத வைக்கும், ஊதின வயிறு உள்ள இருக்கிறதை மேல தள்ளும், மேல வந்தது மாஸ்க்கோட கிண்ணத்துக்குள்ள தேங்கி நேரா குரல்வளைக்கு. அது வெளிய போக தனி வழியே கிடையாது. இதான் முதல் தலைமுறை. வயித்துக்குன்னு தனி குழாய் வச்சு, சீலையும் பலப்படுத்தி வந்தது ரெண்டாவது தலைமுறை: புரோசீல், சுப்ரீம், ஐ-ஜெல், ஆராகெயின் எல்லாம் இதுல வரும்.

இது ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு வச்ச பேருன்னு நினைக்காதீங்க. பிரிட்டன்ல 2008 செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷம் நாடு முழுக்க ஏர்வே (மூச்சுப் பாதை) சிக்கல்களைக் கணக்கெடுத்தாங்க, நாப்-4ன்னு சொல்வோம், 2011ல அறிக்கை வந்துச்சு. வருஷத்துக்கு சுமார் 29 லட்சம் ஜெனரல் அனஸ்தீசியா, அதுல 56 சதவீதம் எல்எம்ஏ வகை சாமான்ல நடந்தது, அதாவது பாதிக்கு மேல. ஏர்வே சிக்கலால செத்துப்போன அனஸ்தீசியா கேஸ்கள்ல முதல் காரணம் டியூப் போட முடியாம போனது இல்ல, ஆஸ்பிரேஷன், அதாவது வயித்துல இருந்து வந்தது நுரையீரலுக்குள்ள போறது. ரிஸ்க் இருக்குன்னு முன்னாடியே தெரியக்கூடிய ஆளுங்களுக்கு எல்எம்ஏ போட்டு நடந்த கேஸ்களும் அதுல இருந்துச்சு. அந்த அறிக்கைக்கு அப்புறம்தான் எல்லா தியேட்டர்லயும் ரெண்டாவது தலைமுறை சாமான் இருக்கணும்ங்கற பேச்சு பலமாச்சு. ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன், குழாய் வச்ச மாடல்ல ஆஸ்பிரேஷன் குறையுதுன்னு ஒரு பெரிய டிரையல்ல நிரூபிச்சுக் காட்டல, ஏன்னா சரியா ஆளைத் தேர்ந்தெடுத்துப் போட்டா ஆஸ்பிரேஷன் அவ்வளவு அபூர்வம், நிரூபிக்க லட்சக்கணக்குல பேஷண்ட் வேணும். ஆனா சீல் அளவும், குழாய் வழியா திரவம் வெளிய வர்றதும் கண்ணால பாக்கற விஷயம், எனக்கு அது போதும்.

இப்ப ஒவ்வொண்ணா வர்றேன்.

புரோசீல் 2000ல வந்துச்சு, இதுவும் பிரெய்ன் செஞ்சதுதான். சிலிகான், ரெண்டு குழாய் பக்கத்துல பக்கத்துல, பெரியவங்க சைஸ்ல பின்னாடியும் ஒரு கஃப், சீல் 30 வரைக்கும் தாங்கும். இந்த கும்பல்லயே சீல்ல ராஜா இன்னிக்கும் இதுதான். வயித்துக் குழாயும் அகலம், 4ம் நம்பர்ல 16 சைஸ் ரைல்ஸ் டியூப் (வயித்துக்குள்ள இறக்கி உறிஞ்சற மெல்லிய குழாய்) வழுக்கிக்கிட்டு போகும். உங்க மேடம் லேப்ராஸ்கோப்பிக்கு இதைக் கேக்கறதுக்கு காரணம் அதுதான், வயித்துக்குள்ள வாயு ஏத்தினதும் டயாஃப்ரம் (உதரவிதானம்) மேல தள்ளும், பீக் பிரஷர் (மூச்சு கொடுக்கறப்ப வர்ற உச்ச அழுத்தம்) 22, 25ன்னு ஏறும், கிளாசிக் அங்கேயே கையை விரிச்சுடும், புரோசீல் நிக்கும்.

குறை என்னன்னா போடறது கொஞ்சம் கஷ்டம். கஃப் பெருசு, மெத்துனு இருக்கும், நுனி தொண்டைக்குப் பின்னாடி மடங்கிக்கும். மடங்கினா வயித்துக் குழாயோட வாய் அடைஞ்சுடும், வெளியில பாக்க எல்லாம் சரியா இருக்கும், கேப்னோ வரும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனா எதுக்காக இதை வாங்கினோமோ அந்த வழி மூடிக் கிடக்கும். அதனால ஒரு டெஸ்ட் இருக்கு, டெக்னீஷியனா நீங்க இதைப் பழகிக்கணும். போட்டு கஃப் ஊதினதும் வயித்துக் குழாயோட வெளி வாயில ஒரு சொட்டு ஜெல்லி வைங்க, வாயை மூடற அளவுக்கு. பேக்கை மெதுவா அழுத்தறப்ப ஜெல்லி வெளிய தெறிச்சா காத்து அந்தக் குழாய் வழியா லீக் ஆகுது, நுனி உள்ள போய் சேரவே இல்லன்னு அர்த்தம். தெறிக்கலையா, கழுத்துக்குக் கீழ நெஞ்செலும்புக்கு மேல ஒரு பள்ளம் இருக்குல்ல, அதை விரலால லேசா தட்டுங்க. ஜெல்லி மேலயும் கீழயும் அசைஞ்சா நுனி உணவுக்குழாய் வாய்க்கு நேரா உக்காந்திருக்கு. அசையாம சும்மா இருந்தா மடங்கியிருக்கான்னு சந்தேகப்படணும். கடைசியா ரைல்ஸ் டியூப் ஒண்ணை இறக்கிப் பாத்தா சந்தேகமே இல்ல, தடையில்லாம போச்சுன்னா வழி திறந்திருக்கு. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகாது. இதைச் செய்யாம புரோசீல் போடறது காசு குடுத்து கிளாசிக் போடற மாதிரிதான். நுனி மடங்கறது தொடர்ந்து தொல்லையா இருந்தா வயித்துக் குழாய்க்குள்ள ஒரு பூஜியை (வழிகாட்டற வளையற நீளக் குச்சி) விட்டு, லாரிங்கோஸ்கோப் வச்சு பூஜியை உணவுக்குழாய்க்குள்ள இறக்கி, அது மேலயே புரோசீலை வழுக்கி விடலாம், கிட்டத்தட்ட எப்பவும் சரியா போய் உக்காரும்.

ஐ-ஜெல் 2007ல வந்துச்சு, டாக்டர் முகமது நாசிர் வடிவமைச்சது, இன்டர்சர்ஜிக்கல் கம்பெனி. இதுல ஊதற கஃப்பே கிடையாது. குரல்வளை வாசலோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி மெத்துனு ஒரு பிளாஸ்டிக் ரப்பர், நேரா வச்சு அமுக்கினா தானா பொருந்தும். சீல் சராசரியா 24ல இருந்து 28க்குள்ள, சுவிட்சர்லாந்துல 2049 பேருக்குப் போட்டுப் பாத்த ஒரு பெரிய ஆய்வுல சராசரி 26 வந்துச்சு, 96 சதவீதம் பேருக்கு வெற்றிகரமா வேலை செஞ்சது. புரோசீலை விட ஒரு படி கம்மி, கிளாசிக்கை விட நல்லாவே மேல. உங்க சார் இதையே கேக்கறது சோம்பேறித்தனத்தால இல்ல, வேகம். ஊத வேண்டாம், கஃப் பிரஷர் அளக்க வேண்டாம், வாய்க்குள்ள விரலே விட வேண்டாம், புதுசா கத்துக்கறவங்க கைக்கும் சீக்கிரம் வசப்படும்.

போடறப்ப முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் லேசா ஜெல்லி தடவுங்க, கிண்ணத்துக்குள்ள கட்டியா ஜெல்லி நிக்கக் கூடாது. கடிக்கிற பகுதியைப் பிடிச்சுக்கிட்டு, கிண்ணம் தாடையைப் பாக்கற மாதிரி வச்சு, மேல் அண்ணத்தை ஒட்டியே பின்னாடியும் கீழயும் வழுக்கி விடணும். போற வழியில சில சமயம் சட்டுனு ஒரு விடுபடற உணர்வு வரும், அதோட நிறுத்திடாதீங்க, கெட்டியா ஒரு தடை வர்ற வரைக்கும் போகணும். பெரியவங்க சைஸ்ல ஒரு கிடைக்கோடு இருக்கும், பல்லு அந்த இடத்துல வரணும். அப்புறம் ஒரு கன்னத்துல இருந்து இன்னொரு கன்னத்துக்கு பிளாஸ்டர். சின்னக் குழந்தைங்களுக்கு இது மெல்ல மேல எழும்பி வெளிய வரப் பாக்கும், ஒட்டற வரைக்கும் கையை எடுக்காதீங்க.

ஊத முடியாததுதான் ஐ-ஜெல்லோட வசதி, அதுவே அதோட பிரச்சனையும். குக்கர் காஸ்கெட் சைஸ் மாறிப் போச்சுன்னா குக்கர் எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் ஓரமா ஆவி வரும், அதே கதை. 3ம் நம்பர் 30ல இருந்து 60 கிலோ, 4ம் நம்பர் 50ல இருந்து 90, 5ம் நம்பர் 90க்கு மேல. 50க்கும் 60க்கும் நடுவுல ரெண்டும் பொருந்தும், அங்க தராசை மட்டும் பாக்காம ஆளோட உயரத்தையும் கழுத்தையும் பாத்து முடிவு பண்ணணும், லீக் ஆச்சுன்னா பெரிய சைஸ் மாத்தணும், அதனால டிரேல எப்பவும் ரெண்டு நம்பர் எடுத்து வைங்க. இன்னொரு விஷயம், வயித்துக் குழாய் இதுல குறுகல், 3, 4ல 12 சைஸ் தான் போகும். கைக்குழந்தைக்கான 1ம் நம்பர்ல அந்தக் குழாயே கிடையாது, அதை ரெண்டாவது தலைமுறைன்னு நம்பி உக்காரக் கூடாது.

சுப்ரீம் பத்தி சுருக்கமா சொல்றேன். ஒரே தடவை போட்டு தூக்கிப் போடற பிவிசி மாடல், வளைஞ்ச கெட்டி டியூப், சுலபமா போகும், சீல் ஐ-ஜெல் அளவுக்கு வரும். வயித்துக் குழாய் நடு மத்தியில ஓடறதால காத்து போற வழி ரெண்டா பிரிஞ்சு குறுகிடுது, இதுக்குள்ள விட்டு டியூப் இறக்கறதுங்கறது நடக்காது. ஆராகெயின்ல அந்தத் தொல்லை இல்ல, 4ம் நம்பருக்குள்ள 7.5 டியூப் போகும், வயித்துக்கு 16 சைஸும் போகும். கிடைக்கிற இடத்துல இது நல்ல சாமான். பாஸ்கா மாஸ்க், ஏர்-கியூ எல்லாம் நீங்க பாக்கற தியேட்டர்ல அபூர்வமாதான் வரும், இப்போதைக்கு விட்டுடுங்க.

கஃப் இருக்கிற மாடல் எல்லாத்துக்கும் ஒரு விஷயம், இதை நான் எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஏன்னா யாரும் அளக்கறதே இல்ல. கஃப் உள்ள அழுத்தம் 60 சென்டிமீட்டர் வாட்டரைத் தாண்டக் கூடாது. பாக்கெட்ல 4ம் நம்பருக்கு 30 மில்லின்னு போட்டிருக்குமே, அது உச்ச அளவு, போட வேண்டிய அளவு இல்ல. பெரும்பாலும் அதுல பாதியே போதும். சிரிஞ்சால 30 மில்லியும் ஏத்தினா அழுத்தம் 100ஐத் தாண்டிப் போகலாம், அதுக்கு மேல நைட்ரஸ் (மயக்கத்துக்குக் கொடுக்கிற ஒரு வாயு) ஓடுச்சுன்னா அது சிலிகான் வழியா கஃப்புக்குள்ள ஊறி இன்னும் ஏத்திடும். எழுந்ததும் தொண்டை வலி, முழுங்க முடியல, சில பேருக்கு நாக்கு மரத்துப் போறது, அபூர்வமா குரல் நரம்பே அடிபடறது, இதெல்லாம் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. நிறைய ஊதினா சீல் நல்லா இருக்கும்னு ஒரு நம்பிக்கை வேற, அதுவும் தப்பு, கஃப் விறைச்சுப் போனா தொண்டையோட வடிவத்துக்கு ஒத்துப் போகாம லீக் கூடத்தான் செய்யும். ஒரு கஃப் மானோமீட்டர் வாங்கி தியேட்டர்ல தொங்க விட்டா வருஷக்கணக்குல உழைக்கும், தயவு செஞ்சு கேட்டு வாங்குங்க.

எதைப் போட்டாலும் லீக் டெஸ்ட் பண்ணுங்க. மெஷின்ல இருந்து வர்ற புது வாயுவை (ஃபிரெஷ் கேஸ்) நிமிஷத்துக்கு 3 லிட்டர்ல வச்சு, அதிக அழுத்தத்தை வெளிய விடற ஏபிஎல் வால்வை மூடி, பேக்கை அழுத்தாம மீட்டரைப் பாருங்க. ஏறிக்கிட்டே போய் ஒரு இடத்துல நிக்கும், வாய்கிட்ட காது வச்சா உஸ்ஸுனு கேக்கும், அந்த எண்தான் இந்த ஆளுக்கு இந்த சாமானோட சீல். 40ஐத் தொட விடாதீங்க, உடனே வால்வைத் திறந்துடுங்க. புத்தகத்துல 26, 30ன்னு போட்டிருக்கிறது எல்லாம் சராசரி, உங்க டேபிள்ல படுத்திருக்கிறவருக்கு 17 வந்தா 17 தான்.

இனி நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிற இடம். எவ்வளவு நல்ல மாடலா இருந்தாலும் வயிறு நிறைஞ்ச ஆளுக்கு அது மூச்சுக்குழாய் டியூபுக்கு மாத்து ஆகாது. சாப்பிட்டு வந்த விபத்து கேஸ், குடல் அடைப்பு, மாசமா இருக்கிற பொண்ணு, நெஞ்செரிச்சல் கடுமையா இருந்து படுத்தாலே எதுக்களிக்கிறவங்க, வருஷக்கணக்கா சுகர் இருந்து சாப்பிட்டது செரிக்காம வயிறு கனமாவே இருக்குன்னு சொல்றவங்க, இவங்களுக்கெல்லாம் டியூப் தான். இப்ப புதுசா உடம்பு குறைக்கவும் சுகருக்கும் செமாகுளுடைட் ஊசி போட்டுக்கறாங்க, அது வயிறு காலியாகறதை மெதுவாக்கும், எட்டு மணி நேரம் பட்டினி இருந்தும் வயித்துல சாப்பாடு அப்படியே கிடக்கலாம். பிஏசி ஷீட்ல (மயக்கத்துக்கு முன்னாடி பண்ற பரிசோதனைக் குறிப்பு) மாத்திரை மட்டும் கேக்காம வாரத்துக்கு ஒரு ஊசி ஏதாவது போடறீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ரொம்ப குண்டானவங்க, டேபிளைத் தலைகீழா சாய்ச்சு பண்ற கேஸ், நுரையீரல் விறைப்பா இருக்கிறவங்க, இங்கயும் நான் டியூப் பக்கம்தான் நிப்பேன். ஒல்லியான ஆளு, நல்ல சர்ஜன், லேப்ராஸ்கோப்பில பித்தப்பை எடுக்கற லேப் கோலின்னா புரோசீல் போடறதை நான் தப்பு சொல்ல மாட்டேன், பழகின கை, ரைல்ஸ் டியூப் போட்டு வயித்தை உறிஞ்சி எடுத்துடணும், டியூபும் லாரிங்கோஸ்கோப்பும் பக்கத்துலயே தயாரா இருக்கணும்.

குழந்தைங்க கதை இதுக்கு நேர் எதிர். ஆஸ்திரேலியாவுல பெர்த் ஆஸ்பத்திரியில ஒரு வயசுக்குள்ள இருக்கிற 181 குழந்தைங்களை வச்சு பண்ணின டிரையல் 2017ல லான்செட்ல வந்துச்சு, சின்ன ஆபரேஷன்தான் எல்லாம், டியூப் போட்ட குழந்தைங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மூச்சு சிக்கல், எல்எம்ஏ போட்டவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு. குரல் நாணைத் தொடாம விடறதுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு.

அவசரத்துல டியூப் போக மாட்டேங்குது, அப்பவும் முதல்ல கை போக வேண்டியது இதுக்குத்தான். பிரிட்டனோட டாஸ் (டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி) 2015 வழிகாட்டுதல்ல பிளான் பி-யே, அதாவது டியூப் போகாதப்ப அடுத்த வழியே, ரெண்டாவது தலைமுறை சாமான்தான், நம்ம ஊர்ல அகில இந்திய டிஃபிகல்ட் ஏர்வே சங்கம் 2016ல போட்டதும் அதே பக்கம்தான் நிக்குது. இந்த இடத்துல ஐ-ஜெல்லுக்கு ஒரு மார்க் கூட, டியூப் அகலமா குட்டையா இருக்கிறதால 4ம் நம்பருக்குள்ள 7ம் நம்பர் டியூபை ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்புல ஏத்தி கண்ணால பாத்தே இறக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு தள்ளறது மட்டும் வேண்டாம்.

கிளாசிக்கை ஏன் வச்சிருக்காங்கன்னா விலை, பழக்கம், அது நாப்பது தடவை போடலாம்ங்கறது. மார்புக் கட்டி, டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றது) மாதிரி குட்டி கேஸ்ல பேஷண்ட் தானா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா அது இன்னிக்கும் பாந்தமா வேலை செய்யும். என் கையில முடிவு இருந்தா புது ஸ்டாக் வாங்கறப்ப அந்தக் காசை ஐ-ஜெல்லுக்கோ புரோசீலுக்கோ போடுவேன், வென்டிலேட்டர் போட்டு ஓட்டற கேஸுக்கு கிளாசிக்கை எடுக்கவே மாட்டேன்.

கடைசியா கழுவறது. ஐ-ஜெல் ஒரே ஒரு தடவைக்கு, பாக்கெட்லயே அப்படித்தான் போட்டிருக்கு. சில இடங்கள்ல கழுவி ஈடிஓல (எத்திலீன் ஆக்சைடு வாயுவுல கிருமி நீக்கறது) போட்டு திரும்ப எடுக்கறது எனக்கும் தெரியும், காசு கஷ்டம் புரியுது, ஆனா சளியும் ரத்தமும் அந்தக் குறுகலான வயித்துக் குழாய்க்குள்ள எவ்வளவு ஒட்டியிருக்குன்னு யாராலயும் பாக்க முடியாது, அதை இன்னொருத்தர் தொண்டையில வைக்கிறோம். திரும்பப் போடற சாமான்தான் வேணும்னா அதுக்குன்னே செஞ்ச சிலிகான் புரோசீலை வாங்குங்க, கணக்கு போட்டா கட்டுப்படியாகும். அதைக் கழுவறதுலயும் முறை இருக்கு: கேஸ் முடிஞ்ச கையோட காய விடாம சோடா பைகார்ப் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு, மெத்தான பிரஷ்ஷை ரெண்டு குழாய்லயும் விட்டு தேய்ங்க. சைடெக்ஸ்ல (குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினி) மட்டும் போடவே போடாதீங்க, சிலிகான் அதை உறிஞ்சி வச்சுக்கும், அடுத்த பேஷண்டுக்கு தொண்டை புண்ணாகும். ஆட்டோகிளேவ்ல (நீராவியில கிருமி நீக்கற பெட்டி) வைக்கிறதுக்கு முன்னாடி கஃப்ல இருக்கிற காத்தை முழுசா உறிஞ்சணும், புரோசீல்னா கஃப்பை ஊதற குழாய்ல இருக்கிற சின்ன பைலட் பலூன்கிட்ட இருக்கிற சிவப்பு பிளக்கைத் திறந்து வைக்கணும், இல்லன்னா சூட்டுல உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு கஃப் ஒரு பக்கம் புடைச்சுக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கார்டு போட்டு, போட்ட தடவையை ஒவ்வொரு கேஸுக்கும் குறிச்சுட்டு வாங்க, நாப்பது ஆனதும் பாக்க புதுசு மாதிரி இருந்தாலும் எடுத்து வச்சுடுங்க. அடுத்த கேஸுக்கு முன்னாடி கஃப்பை ஊதி ஒரு பக்கமா புடைக்குதான்னு பாத்து, டியூபை வளைச்சுப் பாத்து மடங்குதான்னு பாருங்க. ரெண்டுல எது இருந்தாலும் அந்த சாமான் டிரேக்கு வரக் கூடாது.